ஆறாவது வரி

சட்டைப் பைக்குள் மூன்றாவது தடவையாகக் கையை விட்டுத் துழாவினாள் உபகாரமேரி. அடித்தையலில் காய்ந்துபோன மாவு கொஞ்சம் விரலோடு வந்தது. வேறொன்றும் இல்லை.

காக்கிச் சட்டை. வலது கை தோள்பட்டையோடு பிய்ந்து போயிருந்தது. போலீஸ்காரர்கள் பார்த்து முடித்த பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு கேரிபேக்கில் திணித்து அவள் கொழுந்தன் எட்வினிடம் கொடுத்திருந்தார்கள். "வர்ற வழியில ஏரியில வீசியிருப்பன் அண்ணி, நீ கேப்பியேன்னுதான் எடுத்தாந்தன்" என்று அவன் சொன்னதிலிருந்தே அவள் மனசில் ஒரு முள் தைத்துக்கொண்டிருந்தது. வீசுவதற்கு அப்படி என்ன அவசரம்?

முன்னறையில் பெட்டிக்குள் செபாஸ்தியான் படுத்திருந்தார். பகல் ஒரு மணிக்குத்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து உடம்பு வந்து சேர்ந்தது. நாலு மணிக்கு அடக்கம். ஜெபமாலை சொல்கிற சத்தம், நடுநடுவே புதிதாக வருகிறவர்களின் அழுகை. பெண்சாதி தலைமாட்டில் இருக்கவேண்டிய நேரம். அவளோ சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டிரம்மை ஒட்டி உட்கார்ந்து, சட்டையைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் ஜூலியா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னாமா, இங்க வந்து குந்திக்கினு இருக்கற? சனமெல்லாம் ஒன்னத் தேடுது."

"இத்தப் பாருடி. பாக்கெட்டு பட்டன் தொறந்திருக்குது."

"அதுக்கு இன்னா?"

"ஒங்கப்பாரு ஃபீஸ் கட்டைய உள்ள போட்டா பட்டன் மாட்டாம இருப்பாரா? குனிஞ்சா வுழுந்துடும்னு ரெண்டு தடவ தட்டிப் பாத்துக்குவாரே."

"கட்டைய எடுக்கவே இல்லியோ இன்னாவோ."

"எடுக்காமயா?" உபகாரமேரி சட்டையை மடியில் போட்டாள். "முப்பத்தோரு வருசம்டி. கட்டையப் புடுங்காம ஒரு மிஷின்ல வெரல வெச்சிருப்பாரா அந்த மனுசன்? யாரோ எடுத்திருக்காங்க. செத்த ஆளு பாக்கெட்டுல கைய வுட்டு எடுத்திருக்காங்க."

"மெதுவா பேசுமா. வெளிய மில்லுக்காரங்க இருக்காங்க."

"யார் யாரு வந்திருக்காங்க?"

"தனசேகரன் சார் இப்பத்தான் மாலையோட வந்தாரு. லோடு ஏத்தறவங்க நாலு பேரு. ராமசாமி மாமா காலையிலேருந்து எதுத்தாப்புல தண்ணி டேங்க்குத் திட்டுலயே குந்திக்கினு இருக்காரு. கூப்ட்டன், உள்ள வரல."

"உள்ள வரலியா?"

"மூஞ்சியக்கூட இன்னும் பாக்கல."

ராமசாமி மில்லில் பம்பு ஓட்டுகிறவர். இருபது வருஷமாகச் செபாஸ்தியானோடு ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றவர். அந்த ஆள் வாசல்படி ஏறவில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

மில்லில் ஒவ்வொரு மோட்டாருக்கும் சுவர்ப் பெட்டியில் கரண்டு போகிற மூன்று பீங்கான் ஃபீஸ் கட்டைகள் உண்டு. மூன்றையும் பிடுங்கிவிட்டால் எவன் வந்து சுவிட்சை அமுக்கினாலும் மோட்டார் அசையாது. அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்ட பிறகுதான் செபாஸ்தியான் மிஷினில் கை வைப்பார். "என் உசுரு எம் பாக்கெட்டுல பத்திரமா இருக்குது" என்பார். பழக்கம் எவ்வளவு தூரம் ஊறிப்போயிருந்தது என்றால், வேலை முடிந்து திரும்ப மாட்ட மறந்து, பல நாள் கட்டைகளோடு வீட்டுக்கே வந்துவிடுவார். அவள் சட்டையை முக்கும்போது சோப்புத் தண்ணீரில் டங்கென்று விழும். அதற்குள் மில்லிலிருந்து ஒருத்தன் வண்டியில் வந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான்.

நைனார்பாளையத்திலிருந்து மூன்று கல் தள்ளி இருந்தது அந்த மாவு மில். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்தப் பாலிலிருந்து மாவு எடுக்கிற இடம். பாலில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சி எடுப்பதற்கு ஏழு மாதத்துக்கு முன்னால் பெரிய வேக்குவம் பம்பு ஒன்று வாங்கினார்கள். அதை நிறுத்திக்கொடுத்தது மில் மெக்கானிக்கான செபாஸ்தியான்தான். அந்த நாட்களில் அவர் வாயில் வேறு பேச்சே கிடையாது. "காத்தையே இழுக்கற பம்பு மேரி, வெளையாட்டு இல்ல" என்பார். சிமெண்டு மேடை போட்டு அது இறுகும்வரை ஒரு வாரம் யாரையும் கிட்டே விடவில்லை. ரசமட்டம் வைத்து, மெல்லிசான தகடுகளைக் காலுக்கடியில் செருகிச் செருகி ஒரு நூல்கூடச் சாயாமல் நிறுத்தினார். பம்போடு இணைக்காமல் மோட்டாரை மட்டும் ஓட்டி, சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பார்த்தார். முதல் நாள் ஓட்டியபோது பம்பின் முதுகில் டீ டம்ளரை விளிம்புவரை ஊற்றி வைத்தாராம். ஒரு சொட்டு சிந்தவில்லையாம். அதைச் சொல்லும்போது அந்த மனிதனுக்கு அம்பத்தாறு வயசு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நேற்று மதியம் இரண்டரை மணிக்கு அந்தப் பம்பைப் பற்றித்தான் மில்லிலிருந்து போன் வந்தது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பேச்சுச் சத்தம். உபகாரமேரி விரலை உதட்டில் வைத்து மகளைச் சும்மா இருக்கச் சொன்னாள். குழாயடியில் எட்வினும் மேனேஜர் தனசேகரனும் நின்றிருந்தார்கள். எட்வின் அந்த மில்லில்தான் லாரி ஓட்டினான்.

"...சுகர் மாத்திர சாப்பிடறவருதான எட்வின்? மயக்கத்துல கைய வெச்சிட்டாருன்னு சொன்னா ஒருத்தருக்கும் பாதகமில்ல."

"அண்ணி ஒத்துக்கணுமே சார். அது ஒரு மாதிரி. கேள்வி கேட்டுக்கினே இருக்கும்."

"நீ பேசு. எஸ்.ஐ. வந்துக்கினு இருக்காரு."

ஜூலியா தாயின் கையைப் பிடித்தாள். உபகாரமேரி எழுந்து, சட்டையை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

முன்னறைக்கு அவள் வந்ததும் தனசேகரன் கைகூப்பினார். நல்லவர் மாதிரிதான் முகம். கண்கூடச் சிவந்திருந்தது. சிவந்த கண்ணையெல்லாம் நம்புகிற நிலையில் அவள் இல்லை.

"அம்மா, எங்க மில்லுக்கே அவரு ஒரு தூணு."

"தூணு எப்பிடி சார் சாஞ்சிச்சி?"

"வேக்குவம் கம்மியா காட்டுதுன்னு பாக்கப் போனாரும்மா. மோட்டாரையும் பம்பையும் சேக்கற எடத்துல ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு. மேல இருந்த கூண்டக் கழட்டிட்டு, ஓடிக்கினு இருக்கும்போதே கைய வெச்சிட்டாரு. சட்டக் கை சுத்தி இழுத்து..."

"ஓடிக்கினு இருக்கும்போது?"

"ஆமாம்மா."

"அவரு?"

பக்கத்தில் இருந்த பெண்கள் ஜெபமாலையின் நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

"ஃபீஸ் கட்டை எங்க சார் இருந்துச்சி?"

"பெட்டியில மாட்டியே இருந்துச்சி. மூணும். போலீஸே வந்து பாத்தாங்க. நாங்க ஒண்ணும் மறைக்கலம்மா." தனசேகரன் செல்போனை எடுத்துத் தேடினார். "ரூல்ஸெல்லாம் எழுதி பெட்டி பக்கத்துலயே ஒட்டித்தான் வெச்சிருந்தம். தோ பாருங்க. நீங்களே எழுதிக் குடுத்ததாமே?"

திரையில் அவள் கையெழுத்து நின்றது. ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகளுக்கு எழுதிப் பழகிய எழுத்து. செபாஸ்தியான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். அவர் சொல்லச் சொல்ல அவள்தான் சார்ட்டில் எழுதினாள்.

ஒன்று. தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே பம்பைப் போடவும்.
இரண்டு. கூண்டு மாட்டாமல் ஓட்டக்கூடாது.
மூன்று. துண்டு, முந்தானை, தொங்கும் துணியோடு அருகில் வராதே.
நான்கு. சத்தம் மாறினால் உடனே நிறுத்து.
ஐந்து. கை வைக்கும் முன் ஃபீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போடு.

"தோ, அஞ்சாவது" என்றார் தனசேகரன். "அவரே சொன்னது. அவரே மறந்துட்டாரு." அவருடைய கட்டைவிரல் திரையைத் தள்ளியது. படம் போய்விட்டது.

"கீழ இன்னும் இருந்துச்சே சார்?"

"அவ்ளோதாம்மா."

"இன்னொரு வரி இருந்த மாதிரி இருக்குதே."

"இருங்கம்மா, மொதல்ல மனசத் தேத்திக்கங்க."

அந்தக் கட்டைவிரலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏன் அவசரப்பட்டது? எழுதி ஏழு மாதம். ஆறாவதாக என்னவோ எழுதினாள். நேற்றிலிருந்து அவளுக்குத் தன் பெயரே யாராவது கூப்பிட்டால்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. இன்றைக்குப் போலீஸ் காகிதத்தில் 'ஓடுகிற மிஷினில் கை வைத்தான்' என்று ஏறிவிட்டால், அதற்கப்புறம் இந்தப் பக்கத்து மில் ஒவ்வொன்றிலும், புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தனுக்கும், செபாஸ்தியான் மாதிரி செத்துப்போகாதே என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். முப்பத்தோரு வருஷம் ஒரு விரல் நகத்தைக்கூட மிஷினுக்குக் கொடுக்காத மனுஷன்.

அவள் செருப்பில்லாமல் வாசலில் இறங்கினாள்.

"ஏ மேரி, எங்கடி போற?" என்று ஒரு குரல். "சாவு வூட்ல பொண்டாட்டி தெருவுல எறங்குவாளா?" என்று இன்னொன்று. "வுடு, புத்தி பெரண்டிருக்கும்" என்று மூன்றாவது குரல் பரிந்து பேசியது. அவள் திரும்பவில்லை. பந்தலைத் தாண்டி, தெருவைக் கடந்து, தண்ணீர் டேங்க்குத் திட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

ராமசாமி தலையைக் குனிந்தபடி இருந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. முன்புறமெல்லாம் மாவு.

"மூஞ்சியப் பாக்க வரலியாண்ணே?"

அவர் மடியிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்தார்.

"நீங்கதான தூக்குனீங்க அவர?"

"ம்."

"பாக்கெட்டுல இருந்த கட்டைய யாருண்ணே எடுத்தது?"

ராமசாமி மடியில் சுருட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதற்குள் மூன்று கட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி. வேக்குவம் பம்புக் கட்டை மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று செபாஸ்தியான் வைத்த புள்ளி.

"நாந்தான் எடுத்தன் தங்கச்சி."

கத்தவேண்டும் போல இருந்தது அவளுக்கு. "எதுக்கு?" என்றாள்.

"பயம். இத அவரு பாக்கெட்டுல பாத்தாங்கன்னா பெட்டியில இருக்கறது வேற செட்டுன்னு தெரிஞ்சிப்பூடும். மாட்டுனது யாருன்னு கேப்பாங்க."

"மாட்டுனது யாரு?"

"நாந்தான்."

தெருவில் போன நாயொன்று இருவரையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு மாறி வந்தன்" என்றார் ராமசாமி. தரையைப் பார்த்தே பேசினார். "பம்பு நிக்குது. தொட்டியில மாவுப்பால் ரொம்பி வழியுது. பெட்டியத் தொறந்தா கட்டை இல்ல. சரி, இந்த மனுசன் இன்னும் மில்லுல இருக்காரான்னு வெளிய வந்து பாத்தன். வண்டி நிறுத்தற கொட்டாயில அவரு வண்டி இல்ல."

"வண்டிய ரிப்பேருக்கு வுட்டிருந்தாரு. நேத்து பஸ்ஸுல போனாரு."

"எனக்கு அது தெரியாதே தங்கச்சி! தோ, மாப்ள இன்னிக்கும் கட்டையோட வூட்டுக்குப் பூட்டான்னு சிரிச்சிக்கினே டிராயரத் தொறந்தன். சிரிச்சிக்கினேதான் மாட்டி, சுவிட்ச அமுக்குனன்."

"பம்பு மேடை ஒரு செவுருக்கு அந்தாண்டதான? எட்டிப் பாத்தா இன்னா? ஒரு கொரலு குடுத்தா இன்னா?"

"குடுத்திருக்கணும்."

"மத்தவங்கன்னா பரவால்ல. நீங்களாண்ணே? இருபது வருசமா அவரு கைக்கு கையா இருந்துட்டு, கேக்காம கொள்ளாம..."

"எழுதியிருந்துச்சேம்மா" என்றார் ராமசாமி. அடிபட்ட பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னார். "செவுத்துல எழுதியிருந்தத நம்பிட்டன். இல்லன்னா மாட்டுன்னுதான எழுதியிருந்துச்சி."

"பொய் சொல்லாதீங்க. நான் எழுதுனன் அத. எனக்குத் தெரியாதா? கட்டையப் புடுங்குன்னுதான் எழுதியிருக்கும்."

"அது அஞ்சாவது. அதுக்குக் கீழ." ராமசாமி கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "ஆறு. கட்டை பெட்டியில் இல்லாவிட்டால் டிராயரில் உள்ள வேறு செட்டை மாட்டவும்."

உபகாரமேரி திட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலம் முழுசாக வந்து நின்றது. தரையில் விரித்த சார்ட்டு. ஸ்கெட்ச் பேனாவின் நாற்றம். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டிருந்த மனுஷன்.

"எழுது. ஆறு. கட்டை இல்லன்னா உள்ள ஆளு இருக்கான்னு அர்த்தம். என்னக் கேக்காம ஒருத்தனும் மாட்டக்கூடாது."

"ஒங்களக் கேக்கறதுக்கு ஒங்கள எங்க போயி தேடறது? நீங்க கட்டையப் பாக்கெட்டுல போட்டுக்கினு இங்க வந்து கஞ்சி குடிச்சிக்கினு இருப்பீங்க. பெரிய வியாழன் அன்னிக்கு இன்னா ஆச்சி? ரெண்டு தொட்டி பாலு புளிச்சிப் போச்சின்னு மேனேஜர் வாசல்ல நின்னு கத்தல?"

"அடிப்பாவி, நீயும் மில்லு கட்சியா? சரி, அதுக்கு இன்னா பண்ணலாங்கற?"

"இன்னொரு செட்டு வாங்கி டிராயர்ல வெக்கச் சொல்லுங்க. இது இல்லன்னா அத்த மாட்டிக்கட்டும்."

"நல்ல ரோசனதான். எழுது, எழுது." அவள் எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். "இரு இரு, என்னக் கேட்டுட்டு மாட்டணும்னு சேத்துக்க."

"எடம் ஏது? ராமசாமிண்ணனுக்குக் கண்ணுல புரை, கொட்டக் கொட்டையா எழுதுன்னு நீங்கதான சொன்னீங்க. சார்ட்டு முடிஞ்சிடுச்சி."

"சரி வுடு. நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதா?"

இவ்வளவுதான். சிரித்துக்கொண்டே பேசிய பேச்சு. அப்புறம் அவர் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார். அவள் இட்லிக்கு ஊறவைக்கப் போனாள்.

"இப்ப அந்த சார்ட்டு எங்கண்ணே?"

"விடியக்காலையில போயி பாத்தன். இல்ல. நாலு மூலையில பசை மட்டும் ஒட்டிக்கினு இருக்குது."

யாரையெல்லாம் சந்தேகப்பட்டாள்! எட்வினை, தனசேகரனை, எதிரே அழுகிற இந்தக் கிழவரை. ஒவ்வொருத்தரிடமும் ஏதோ ஒரு பிசகு இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்த வரியை எழுதின விரல்கள் அவள் கண்ணுக்கு முன்னால் திட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"குடுங்க" என்று கையை நீட்டினாள். ராமசாமி மூன்று கட்டைகளையும் அதில் வைத்தார். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவில்லை.

போலீஸ் ஜீப் பந்தலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. எட்வின் ஓட்டமும் நடையுமாகத் தெருவைக் கடந்து வந்தான்.

"அண்ணி, எஸ்.ஐ. வந்துட்டாரு. ஒன் வாக்குமூலந்தான் பாக்கி. சுகரு ஜாஸ்தி, மயக்கம்னு ரெண்டே வார்த்த. முடிஞ்சிடும்."

"அப்ப ஒங்கண்ணன் ஓடற பம்புல கைய வெச்சிட்டாருன்னு எழுதிக்குவாங்க."

"எழுதிட்டுப் போறான். போனவருக்கு இன்னா அண்ணி? இருக்கறவங்களப் பாரு. நான் அங்க வேல செய்யறன். தோ, இந்தாளு..." ராமசாமியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது. "பேரன் பேத்தி எடுத்த ஆளு. உள்ள போவணுமா?"

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

எட்வின் தலையாட்டினான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா ஒன் வரியும்தான அண்ணி வெளிய வரும்?" என்றான் அவன். குரல் உடைந்தது. "போட்டோவுல நானும் பாத்தன். ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் லாரி டிரிப்புக் கணக்கு எழுதறதே நீதான? அண்ணனும் போயி, நீயும் அதுல மாட்டணுமான்னுதான்..."

முதல்தடவையாக அவன் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். தாடி மழிக்காத முகம். அண்ணனுக்கு இருந்த அதே மூக்கு. கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு அவனைக் கடந்து போனாள்.

எஸ்.ஐ. இளஞ்செழியன் சின்ன வயசுக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு அருகில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதுகிற ஏட்டு, முழங்காலில் அட்டை. உபகாரமேரி தலைமாட்டில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பஞ்சு வைத்த மூக்கு, கட்டிய தாடை. நெற்றிக் காயத்தை மறைத்துப் பூ வைத்திருந்தார்கள்.

"ஒங்க வூட்டுக்காரருக்கு சுகர் உண்டா அம்மா?"

"உண்டு."

தனசேகரன் மூச்சு விட்டது கேட்டது.

"மயக்கம் வருமா?"

"வராது. நேத்தும் வரல." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று கட்டைகளையும் அட்டையின்மேல் வைத்தாள். "பம்ப நிறுத்திட்டு, இத்தப் புடுங்கி பாக்கெட்டுல போட்டுக்கினுதான் வேல செஞ்சாரு. செவப்புப் புள்ளி அவரு வெச்சது. பெட்டியில இப்ப மாட்டியிருக்கறதுல புள்ளி இருக்குதான்னு போயி பாருங்க. இருக்காது."

"சார், அந்தம்மா துக்கத்துல..." என்று ஆரம்பித்தார் தனசேகரன்.

"இருங்க" என்றார் எஸ்.ஐ. "அது எப்பிடிம்மா ரெண்டு செட்டு?"

"இவரு மறதியா கட்டையோட வூட்டுக்கு வந்துடுவாரு. அதுக்காக வாங்கி டிராயர்ல வெச்சாங்க. இல்லன்னா அத்த மாட்டுன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருந்துச்சி. ஆறாவது வரி. சார் போன்ல இருக்குது, கேளுங்க."

"யாரு எழுதுனது?"

"நான்."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுட்டு மாட்டணும்னு அவரு சொன்னாரு. நான் எழுதல. எடமில்லன்னு வுட்டுட்டன். அதையும் எழுதிக்கங்க."

"மா..." என்றாள் ஜூலியா. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எஸ்.ஐ. கொஞ்ச நேரம் கட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு தனசேகரனிடம் கையை நீட்ட, அவர் செல்போனைக் கொடுத்தார். படித்துவிட்டு ஏட்டிடம் காட்டினார். ஏட்டின் பேனா ஓடியது.

"சரிம்மா. அவரு பாக்கெட்டுல இருந்தது ஒங்க கைக்கு எப்பிடி வந்துச்சி? நாங்க பாக்கும்போது பாக்கெட்டு காலி."

உபகாரமேரி பெட்டிக்குள் பார்த்தாள். நீங்க சொல்லுங்க என்று கேட்கிற மாதிரி அந்த முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. பெயரைச் சொல்லவும் வரவில்லை. மெழுகுத்திரி வடிந்து தட்டில் சேர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒங்களத்தான். யாரு குடுத்தது?"

அப்போது கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு ஏற்றிவந்த டிராக்டர் ஒன்று தெருவுக்குள் நுழைந்தது. பந்தலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே வழி இல்லாமல் வாசலுக்கு நேராக நின்று உறுமியது. அந்த இரைச்சலில் வாசல் பக்கமிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். காதில் விழவில்லை.

"யாருய்யா அது? இன்னா சொல்ற? சத்தமா சொல்லு!" என்று எஸ்.ஐ. எழுந்தார்.

டிராக்டர்க்காரன் அப்போதுதான் பெட்டியையும் சிலுவையையும் பார்த்தான். செத்தது யாரென்று அவனுக்குத் தெரியாது. தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்து எடுத்தான். எஞ்சினை அணைத்தான்.

இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டும் என்று எடுத்த குரல், திடீரென்று விழுந்த அமைதியில் வீடு முழுக்க மோதியது.

"நாந்தான் சார் எடுத்தன்! மாட்டுனதும் நாந்தான்!"

ராமசாமியின் ஒரு கால் வாசல்படியில் இருந்தது. இன்னொரு கால் இன்னும் தெருவில்.

உபகாரமேரி திரும்பிப் பார்க்கவில்லை. தலைமாட்டில் இன்னொருத்தருக்கு இடம் விட்டு, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.